வாசகர் கேள்வி – பதில்: வெயிலுக்கு ஒரு ஆயில், குளிருக்கு ஒரு ஆயிலா?

கேள்வி: என் காரின் கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ, "சார், வேலூர் வெயிலுக்கு அது தண்ணியா ஓடிடும், 20டபிள்யூ-40 ஊத்திக்கங்க" என்கிறார். கத்திரி வேறு வரப்போகிறது. மாற்றலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: மாற்றாதீர்கள். கெட்டியான ஆயில்தான் வலுவான ஆயில் என்கிற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளுக்கு அதுதான் சரியாக இருந்திருக்கும், உங்கள் காரின் இன்ஜின் அந்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் வரும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து, இன்ஜினைச் சுழற்ற விடுமா என்று சோதிக்கிறார்கள். வேலூருக்கு மைனஸ் எங்கே வரப்போகிறது, அப்போ முதல் எண் நமக்கு எதற்கு என்று தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆயிலைப் பொறுத்தவரை ஓடிச் சூடான இன்ஜினுக்குள் இருக்கும் 90, 100 டிகிரிதான் இயல்பான வெப்பம், அதற்குக் கீழே எல்லாமே குளிர்தான், கத்திரி வெயில் உட்பட! சாதாரணமாக ஒரு 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டி, 100 டிகிரியில் 10, 11 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) இருக்கும், அதே ஆயில் 40 டிகிரியில் 60-ஐத் தாண்டிவிடும். வெயிலில் நிறுத்திவைத்த காரிலும் ஆயில் தேவைக்கு மேல் ஐந்தாறு மடங்கு கெட்டியாகத்தான் கிடக்கிறது. 20டபிள்யூ-40 என்றால் அந்த 60 நூறுக்கு மேல் போகும். காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினின் மேல்பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம் வந்து அடங்குகிறதா, அது பெரும்பாலும் ஆயில் இன்னும் மேலே போய்ச் சேரவில்லை என்பதால் வருவதுதான். கெட்டி ஆயில் ஊற்றினால் அந்தச் சத்தம் இன்னும் நீளும், தேய்மானமும் கூடும்.

பின்னால் இருக்கும் 30, 40 என்பது 100 டிகிரியில் இருக்க வேண்டிய கெட்டி. வெளியே 42 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, 90 பக்கத்திலேயே பிடித்து வைக்கின்றன, ஆயில் சூடு கொஞ்சம் ஏறும், ஆனால் தாறுமாறாக ஏறாது. அப்படி ஏறினால் கூலன்ட்டையும் ஃபேனையும் பாருங்கள், ஆயிலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. சில கையேடுகளில் வெளி வெப்பத்துக்கு ஏற்ப ஒரு பட்டியல் இருக்கும். அதில் 40 அனுமதிக்கப்பட்டிருந்தால் தாராளமாக ஊற்றலாம்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். ஜனவரியில் பைக் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. 10டபிள்யூ-30 போடுகிறேன். கார் ஆயில் 5டபிள்யூ-30 ஊற்றினால் நல்லதா?
– வாசகி, உதகை

பதில்: வேண்டாம்! கியர் பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயிலுக்கான தரக்குறி இருக்க வேண்டும். 10டபிள்யூ-வின் சோதனையே மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது, உறைபனி விழும் ஊட்டிக் காலை அதன் பக்கத்தில்கூட வராது. உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்ஜின் ஆயில் அப்படி உறையாது. பேட்டரியையும் ஸ்பார்க் பிளக்கையும் காட்டுங்கள், குளிரில் பேட்டரிக்குத்தான் முதலில் தெம்பு போகும். அப்புறம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால், வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே வண்டி ஓடுகிறது என்று அர்த்தம், இன்ஜின் சூடாகாமல் உள்ளே படியும் ஈரம் ஆயிலில் கலந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் குன்னூர் வரை போய்விட்டு வாருங்கள், ஆயிலையும் சொன்ன கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் நண்பர்களோடு மணாலியிலிருந்து லே போகிறேன். கிளாசிக் 350. குளிருக்கு ஆயில் மாற்ற வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: தேவையில்லை. அதற்கு நிறுவனம் சொல்லும் 15டபிள்யூ-50 மைனஸ் 20 வரை தாங்கும், ஆகஸ்டில் வழியில் வரும் சர்ச்சுவில் கூடாரம் போட்டுத் தூங்கினாலும் அந்தக் குளிர் வராது. பின்னால் உள்ள 50-ஐயும் குறைக்காதீர்கள். காற்றால் குளிரும் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது, கணவாய் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது கொதிக்கும். அங்கே அந்த 50 வேண்டும். மேலே போகப் போக வண்டி இழுக்காது, அது ஆயிலின் குறை இல்லை, காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. கிளம்பும் முன் புது ஆயில் ஊற்றி, ஒரு லிட்டர் அதே ஆயிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் காலையில் வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள்.

கேள்வி: 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார், ஆயிலைக் குடிக்கிறது. கெட்டி ஆயில் போடலாமா?
– வாசகர், கரூர்

பதில்: இங்கே ஒரு படி ஏறலாம், 30 இருந்த இடத்தில் 40, ஆனால் முதல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு. 5டபிள்யூ-40 கடையில் கிடைக்கும். குடிப்பது குறையலாம், தேய்ந்த பிஸ்டன் ரிங் அதனால் சரியாகிவிடாது. அதற்கு முன்னால் அட்டையை விரித்து அதன் மேல் ஒரு ராத்திரி காரை நிறுத்துங்கள், காலையில் சொட்டு விழுந்திருந்தால் உங்கள் கார் குடிக்கவில்லை, ஒழுகுகிறது, ஒரு சீலோ கேஸ்கெட்டோ மாற்றினால் போதும்.