மாதம் தவறாமல் காது வலி, தொண்டைக் காய்ச்சல்: பிள்ளையை ஈ.என்.டி. டாக்டரிடம் எப்போது காட்டுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு நாலரை வயது, எடை 15 கிலோ. ஐந்து மாதத்துக்கு முன் எல்.கே.ஜி. சேர்த்ததிலிருந்து மாதம் ஒரு தடவை காய்ச்சல், தொண்டை வலி. மூன்று தடவை காதும் வலித்தது, அதில் ஒரு தடவை சீழ் வந்தது. தெருவில் இருக்கும் டாக்டர் தரும் மருந்தில் சரியாகிறது, மறுபடி வருகிறது. ஈ.என்.டி.யிடம் போனால் டான்சிலை எடுக்கச் சொல்வார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். எப்போது போக வேண்டும்?

பதில்:

காதுக்காக இப்போதே போங்கள். டான்சிலுக்காக ஓட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொட்டி ஒன்று வந்தாலும் கணக்கு வேறு வேறு.

காதின் கணக்கு சின்னது. நடுக்காதில் சீழ் பிடிப்பது ஆறு மாதத்தில் 3 தடவை வந்தால், அல்லது ஒரு வருடத்தில் 4 தடவை வந்து அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருந்தால், நிபுணர் பார்க்க வேண்டும். ஆனால் எதை ஒரு தடவை என்று எண்ணுவது? பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுததும், யாரும் உள்ளே பார்க்காமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்ததும் கணக்கில் வராது. டாக்டர் ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) வைத்துப் பார்த்து, செவிப்பறை வெளிப்பக்கம் உப்பியிருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது சீழ் வடிந்திருக்க வேண்டும். வெறும் சிவப்பு போதாது; வீறிட்டு அழுகிற எந்தப் பிள்ளைக்கும் செவிப்பறை சிவக்கும். தொண்டைப் புண்ணும் சொத்தைப் பல்லும்கூட காதில்தான் வலியாகத் தெரியும். முதல் தடவை ஆறி பத்து நாளுக்குள் மறுபடி வலித்தால், பெரும்பாலும் அது பழைய சீழ் முழுதாக ஆறாததுதான். தனித் தடவையாக எண்ணாதீர்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த வயதில் ஏன் இப்படி என்றால், நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் பெரியவர்களுக்குச் சரிவாக இறங்கும். பிள்ளைகளுக்கு அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வாட்டில் இருக்கும். மூக்கில் கட்டிய சளி சுலபமாகக் காதுப் பக்கம் ஏறிவிடும். குழாயின் வாயருகே அடினாய்டு இருக்கிறது. நம் பக்கம் "மூக்கில் சதை வளர்ந்திருக்கு" என்பது பெரும்பாலும் இதைத்தான். அது வீங்கினால் குழாய் அடைபடும். இதோடு வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, வாசலில் கன்டெய்னர் லாரிப் புழுதி. மணலி, எண்ணூர் பக்கக் காற்றை நீங்கள் மாற்ற முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துவதை நிறுத்த முடியும். வலை கட்டுங்கள். ஐஸ் தின்றதால் காதில் சீழ் வருவதில்லை, பாவம் அந்தக் குச்சி ஐஸ்.

பெற்றோர் அதிகம் தவறவிடுவது வலியை அல்ல, வலி போன பிறகு உள்ளே தேங்கி நிற்கும் நீரை. காய்ச்சல் விட்டாலும் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் மாதிரி நீர் வாரக் கணக்கில் நிற்கலாம். அப்போது இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கேட்பது போலத்தான் பிள்ளைக்குக் கேட்கும். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வான், கூப்பிட்டால் "ஆங்?" என்பான், மிஸ் "கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்பார். வீட்டிலேயே பார்க்கலாம்: அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கை நீள தூரத்தில் நின்று, முகம் தெரியாமல், அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைக் கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் முயன்றும் திரும்பவில்லை என்றால் எண்ணிக்கை எதுவானாலும் ஈ.என்.டி.யிடம் போக அதுவே போதும். பேச்சு தெளிவில்லாத பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம்.

அங்கே டிம்பனோமெட்ரி என்ற சோதனை செய்வார்கள். காதில் ரப்பர் முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுப்பது, ஒரு காதுக்குச் சில நொடிதான், வலி கிடையாது. தாளில் கோடு மலை மாதிரி எழும்பினால் நல்லது. தட்டையாகக் கிடந்தால் உள்ளே நீர் இருக்கலாம். குறும்பி அடைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும்கூடத் தட்டையாக வரும். அதனால் முதலில் காதைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நாலரை வயதுப் பிள்ளைக்கு ஹெட்ஃபோன் மாட்டி ஆடியோமெட்ரி என்ற கேட்கும் சோதனையும் எடுக்க முடியும். நீர் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதனால் உடனே கத்தி இல்லை. மூன்று மாதம் கழித்தும் இரண்டு காதிலும் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால்தான் குரோமெட் என்ற மணி அளவுக் குழாயைச் செவிப்பறையில் வைப்பது பற்றிப் பேசுவார்கள். அது ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும். இந்த நீரை வற்றவைக்க என்று தரும் சளி சிரப்புகளால் பலன் இல்லை.

இனி டான்சில். இதற்குப் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு 7, 5, 3. ஒரே வருடத்தில் 7 தடவை. அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5. அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3. அதிலும் ஒவ்வொரு தடவையும் தொண்டை வலியோடு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, டான்சில் மேல் வெள்ளைப் படலம், அல்லது தொண்டைச் சளிப் பரிசோதனையில் ஸ்ட்ரெப் கிருமி. மூக்கு ஒழுகி, இருமி, தொண்டை சிவந்தது என்றால் அது வைரஸ் சளி. பள்ளி சேர்ந்த முதல் வருடம் அது ஆறு, எட்டு தடவை வருவது சகஜம். எத்தனை வந்தாலும் டான்சில் கணக்கில் சேராது. எண்ணிக்கை எட்டாத பல பிள்ளைகளுக்கு அடுத்த வருடமே தானாகக் குறைந்துவிடும் என்பதால்தான் பொறுக்கச் சொல்கிறார்கள்.

டான்சில் பெரிதாக இருப்பது மட்டும் காரணமே அல்ல. மூன்றிலிருந்து ஏழு வயது வரை அது பெரிதாகத்தான் இருக்கும். அதேபோல் ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருக்கிறது என்ற ஒரே தாளை வைத்து அறுவைக்குத் தேதி குறித்தால், வேறொரு டாக்டரிடமும் கேளுங்கள். முன்பு எப்போதோ ஸ்ட்ரெப் வந்து போனதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

எண்ணாமல் போக வேண்டிய இடங்களும் உண்டு. தினமும் குறட்டை, வாயைத் திறந்தே தூக்கம், நடுவில் சில நொடி மூச்சு நின்று பிறகு திணறி இழுப்பது, நின்றுபோன படுக்கை ஈரம் மறுபடி தொடங்குவது. இவை இருந்தால் ஒரு காய்ச்சல்கூட வராவிட்டாலும் காட்ட வேண்டும். சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரிய, நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். பத்து வாக்கியம் சொல்லுவதைவிட டாக்டருக்கு அது உதவும். ஒரு பக்க டான்சில் மட்டும் தெளிவாகப் பெரிதாக இருந்தாலும் காட்டுங்கள். உங்கள் பையனுக்கு "மாதம் தவறாமல்" என்கிறீர்கள், அதையும் கவனியுங்கள்: காலண்டரில் குறித்தது போல மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், வாய்ப்புண், நெறிகட்டி, சளியே இல்லை, இடையில் முழு ஆரோக்கியம் என்றால் அது தொற்றே அல்லாத வேறொரு காய்ச்சலாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அதனால் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தெர்மாமீட்டரில் பார்த்த காய்ச்சல், எந்தக் காது, சீழ் வந்ததா, இருமலும் மூக்கொழுகலும் உண்டா, மருந்தின் பெயர், எத்தனை நாள் கொடுத்தது, எத்தனை நாள் பள்ளி லீவு. பழைய மருந்துச் சீட்டுகளையும் மெடிக்கல் பில்லையும் தேதி வாரியாக அதில் ஒட்டுங்கள்.

மருந்து விஷயத்தில் மறுபடி மறுபடி நடக்கும் தவறு ஒன்று. ஸ்ட்ரெப் தொண்டைக்கு அமாக்சிசிலின் 10 நாள். 5 மி.லி. வீதம் இரண்டு வேளை என்றால் மொத்தம் 100 மி.லி. வேண்டும். மெடிக்கலில் தருவதோ 30 மி.லி. பாட்டில், மூன்றே நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், அடுத்த பாட்டில் யாரும் வாங்குவதில்லை. டாக்டர் எழுதிய நாளைக் கணக்குப் போட்டு எத்தனை பாட்டில் என்று முதல் நாளே கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தேவைப்படும்போதுதான் கலக்க வேண்டும். ஆறிய கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள், கலந்தது ஒரு வாரத்துக்கு மேல் உதவாது. அரைகுறை மருந்தில் அடங்கிய ஸ்ட்ரெப், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மூட்டு வாதக் காய்ச்சலாகி இதய வால்வைத் தாக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி. 15 கிலோவுக்கு 225 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் இது நாலரை மி.லி.; 120 மி.கி. உள்ளதில் சுமார் 9 மி.லி. லேபிளைப் பாருங்கள், "ஒரு மூடி" கணக்கு வேண்டாம். சீழ் வடிகிற காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெயோ தாய்ப்பாலோ பட்ஸோ போகக் கூடாது. வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தும் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின் வகைச் சொட்டு உள்காதைக் கெடுக்கலாம். தொக்கம் எடுக்கிறேன், உள்நாக்கைத் தூக்குகிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுகிறவர்களிடமும் கூட்டிப் போக வேண்டாம்.

அன்றைக்கே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டியவை: காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளி நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிவது, வாயைத் திறக்க முடியாமை, வாயில் சூடான கவளம் வைத்துப் பேசுவது போன்ற குரல், தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தோடு கழுத்து வீக்கம். கடைசியில் சொன்னது தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். அதற்கான ஒன்றரை வயது ஊசி போட்டாயிற்றா, 5 வயது ஊசி எப்போது என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். சீழ் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, கொஞ்சமாக வந்து நாறினாலோ, அந்த வாரமே ஈ.என்.டி.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். புற நோயாளிப் பிரிவு காலையில்தான், எட்டு மணிக்கு முன் போய்ச் சீட்டு வாங்குங்கள். பிள்ளைக்குச் சளி இல்லாத நாளில் போவதும் முக்கியம், சளியோடு எடுத்த கேட்கும் சோதனையை மறுபடி எடுக்க வேண்டி வரும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: ஈ.என்.டி.யைப் பார்ப்பது அறுவைக்குக் கையெழுத்துப் போடுவது அல்ல. பலருக்கு மூக்கு ஸ்ப்ரேயும் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வதும்தான் நடக்கும். ஒருவேளை டான்சில் எடுக்க நேர்ந்தால், ஆடுகிற பால் பல்லை மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே காட்டுங்கள். பிறகு தொண்டையில் வெள்ளையாகப் படிவது சீழ் அல்ல, புண் ஆறுவது. காது வலியும் வரும், அதுவும் தொண்டையிலிருந்துதான். பயப்பட வேண்டியது ரத்தத்துக்கு. வீடு வந்த பிறகு, ஐந்திலிருந்து பத்தாம் நாள் வரை அது அதிகம் வரக்கூடிய காலம். எச்சிலில் புது ரத்தம் தெரிந்தால் உட்காரவைத்து முன்னால் குனிய வைத்து உடனே கிளம்ப வேண்டும். அதனால் அந்த இரண்டு வாரம் ஊர்த் திருவிழா வேண்டாம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் மாட்டிக்கொள்ளும்படி அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டில் இரவு தங்குவதும் வேண்டாம்.