ரைஸ் – ரெய்ஸ், லை – லே: ஒரே மாதிரி இருக்கும் இந்த ஆங்கில வினைச்சொற்களில் எதை எங்கே போடுவது?

இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருக்கிறதா? உருண்டான் – உருட்டினான், திருந்தினான் – திருத்தினான். அதே சங்கதிதான்.

'விலையை உயர்ந்தார்கள்' என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. உயர், உயர்த்து இரண்டும் நமக்குத் தானாகவே பிரிந்து வந்துவிடும். ரைஸ் என்பது உயர். ரெய்ஸ் என்பது உயர்த்து. விலை உயர்ந்தால் 'பிரைசஸ் ரோஸ்'. கடைக்காரர் உயர்த்தினால் 'ஹி ரெய்ஸ்ட் த பிரைசஸ்'. சந்தேகம் வந்தால் வினையிடம் 'எதை?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் ரெய்ஸ், இல்லாவிட்டால் ரைஸ். சம்பள உயர்வுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது, அங்கே அது பெயர்ச்சொல். பிரிட்டிஷ்காரர்கள் 'பே ரைஸ்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ரெய்ஸ்' என்பார்கள். மேலாளர் எந்த ஊர்க்காரரோ அதற்கேற்றபடி கேட்டுக்கொள்ளுங்கள்!

அடுத்த ஜோடிதான் ஆளைப் படுத்தும். லை என்றால் படு, கிட. லே என்றால் கிடத்து, வை. 'லை டவுன்' – படு. 'லே த பேபி டவுன்' – குழந்தையைப் படுக்க வை. கோழி முட்டை இடுவது, டைல்ஸ் பதிப்பது, அடிக்கல் நாட்டுவது எல்லாமே லே. எல்லாவற்றிலும் 'எதை?' என்பதற்குப் பதில் இருக்கிறது பாருங்கள். இதுவரை சரி. ஆனால் லை என்பதன் இறந்தகாலமும் 'லே' தான்! லை, லே, லெய்ன் என்று ஒன்று போகும். லே, லெய்ட், லெய்ட் என்று மற்றது. ஆகவே 'நேற்று சீக்கிரமே படுத்தேன்' என்பதற்கு 'ஐ லே டவுன்' சரி, 'ஐ லெய்ட் டவுன்' தவறு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இதைச் சர்வசாதாரணமாக மாற்றிச் சொல்வார்கள். அதனால் பேசும்போது ரொம்ப யோசிக்காதீர்கள், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பார்த்து எழுதினால் போதும். போதாக்குறைக்குப் பொய் சொல்லும் 'லை' வேறு இருக்கிறது. அதன் இறந்தகாலம் 'லைட்', இந்தக் கூட்டத்தில் சேராது.

விழு – வீழ்த்து ஜோடியிலும் இதே கண்ணிதான்: விழு என்னும் 'ஃபால்' இறந்தகாலத்தில் 'ஃபெல்' ஆகும், வீழ்த்து என்பதற்கும் சொல் 'ஃபெல்' தான். மரம் விழுந்தால் 'த ட்ரீ ஃபெல்'. ஆட்கள் அதை வெட்டி வீழ்த்தினால் 'தே ஃபெல்ட் த ட்ரீ'.

ஏன் இப்படி என்றால், ஆங்கிலத்துக்கு மூதாதையான ஜெர்மானிய மொழியில் வினையோடு ஒரு விகுதி சேர்த்துப் பிறவினை ஆக்குவார்கள், ஏறக்குறைய நம் பாணியில். விகுதி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. நடுவில் இருக்கும் உயிரொலி வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. 'டிரிங்க்' குடிப்பது, 'டிரென்ச்' தொப்பலாக நனைப்பது. அதுவும் ஒரு காலத்தில் 'குடிக்க வை' தான். ரெய்ஸ் மட்டும் வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். அந்த இடத்தில் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'ரியர்'. குழந்தை வளர்ப்பு, கால்நடை வளர்ப்பு பற்றி எழுதும்போது இன்றும் பார்க்கலாம்.

அப்புறம் சிட் – செட், அதாவது உட்கார் – வை. இதுவும் அதே வம்சம்தான், ஆனால் முழுசாக அடங்காது. சூரியன் மறைவதும் 'செட்', சிமென்ட் இறுகுவதும் 'செட்'. இரண்டிலும் 'எதை?' என்று கேட்டால் பதில் கிடையாது. அவற்றை நெட்டுரு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.