கையெழுத்துக்கு முன் மொய் நோட்டைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. இந்து முறைப்படி கல்யாணமாகி 10 வருடம் ஆகிறது. 8 வயதில் ஒரு மகள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அவர் குடித்துவிட்டு அடிப்பது பொறுக்காமல் நான்கு மாதமாகத் திண்டுக்கல்லில் அப்பா வீட்டில் இருக்கிறேன். வரும் ஞாயிறு பெரியவர்கள் உட்கார்ந்து பத்திரத்தில் எழுதி அத்துவிடப் போகிறார்களாம். இரண்டு லட்சம் தருவார்கள். நகை, ஜீவனாம்சம், பிள்ளை செலவு எதுவும் கேட்க மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். வக்கீல் வைக்க வசதியில்லை. போட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போடாதீர்கள், தங்கச்சி.

பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டம் ஏற்கிறதுதான். ஆனால் அப்படியொரு வழக்கம் உங்கள் சமூகத்தில் காலங்காலமாக உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் ஆகிற காரியமில்லை. அத்துவிட்ட பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார். இரண்டாவது கணவர் இறந்தபின் குடும்ப பென்ஷன் கேட்டுப் போயிருக்கிறார். முதல் கல்யாணத்துக்குக் கோர்ட் தீர்ப்பு எங்கே என்று கேட்டுவிட்டார்கள். மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய அந்தப் பத்திரத்தை மேஜையில் விரித்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இருவரும் மனமொத்துப் பிரிவதென்றாலும் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மனு போட்டபின் 6 மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த வழக்கில் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது, அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறப்பது. கல்யாண மொய் நோட்டும் சீர்வரிசை எழுதிய தாளும் அதில்தான் கிடக்கும். தாய்மாமன் போட்ட வளையல் எத்தனை பவுன் என்று அதில் எழுதியிருக்கும். நகைக்கடை ரசீது தொலைந்திருந்தால் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். கழுத்தும் கையும் தெரிகிற படங்கள் போதும். உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம். அதைக் கணவர் அடகு வைத்திருந்தாலும் அது உங்களுடையதுதான். அடகுச் சீட்டை போட்டோவாவது எடுத்து வையுங்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன சீட்டு இருந்தால் அது எல்லாவற்றையும்விட முக்கியம்.

கணவரின் சம்பளச் சீட்டு, பி.எஃப்., எல்.ஐ.சி., ஏலச்சீட்டு பற்றித் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானத்தை பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவர் எதையாவது மறைத்தால் உங்கள் நோட்டு காட்டிக்கொடுக்கும். பிள்ளையின் ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. நீங்களே எழுதிக்கொடுத்தாலும் அது போய்விடாது.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். வழக்குக்காகத் திருப்பூருக்கு அலையவும் வேண்டாம். 2003இல் வந்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கிற ஊரிலேயே மனு போடலாம். வக்கீலிடம் போகும்போது நடந்ததைத் தேதிவாரியாக இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் தாளைக் கொடுத்துவிட்டு அழுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வந்தால், "வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும். அவர்கள் எழுதிக் கொண்டுவரும் பத்திரத்தைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மொய் நோட்டோடு சேர்த்து வையுங்கள்.