95 டிகிரியில் ஓடினால் பிராசஸர் கருகுமா?

கே: கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். ரைசன் 9 7950எக்ஸ், இரட்டை ஃபேன் டவர் கூலர். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) போட்டதும் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. ஃபேன் சத்தம் மாவு மில் மாதிரி. அறை வெப்பம் 34 டிகிரி, பிராசஸர் இழுப்பது 205 வாட் என்று மென்பொருள் காட்டுகிறது. 360 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், கோவை

ப: கருகாது. 2022-ல் இந்த ரைசன் 7000 வரிசையை வெளியிட்டபோதே, கனமான வேலையில் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடும்படிதான் ஏஎம்டி இதை அமைத்தது. வரம்பு இடிக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது இதன் சுபாவம். பெரிய கூலர் போட்டால் மிச்சமாகும் குளிர்ச்சியையும் தின்றுவிட்டு, தன் உச்சமான 230 வாட்டை நோக்கிப் போகும். ரெண்டர் கொஞ்சம் சீக்கிரம் முடியும். டிகிரியில் பெரிய மாற்றம் இருக்காது. கைக்காசு போய், சத்தமும் பாதி மிஞ்சும்.

டிகிரியோடு வாட்டையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் கணக்குப் போட முடிகிறது. 95-லிருந்து அறை வெப்பம் 34-ஐக் கழித்தால் 61. அதை 205-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.3. அதாவது உங்கள் கூலரில் ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறுகிறது. வாட்டை 142-க்கு இறக்கினால் 142 x 0.3 = 43, கூட 34, ஆக 77 டிகிரி. காசு செலவில்லாமல் 18 டிகிரி குறைகிறது.

142 என்பது எங்கிருந்து வந்தது? ஏஎம்டியே தரும் 105 வாட் எக்கோ மோடின் (மின்சாரத்தைச் சிக்கனமாக்கும் அமைப்பு) உண்மையான மின் வரம்பு அது. (பெட்டியில் போட்டிருக்கும் வாட் வேறு, போர்டில் உள்ள பிராசஸர் சாக்கெட் வழியாக இழுக்கும் வாட் வேறு. 65 வாட் மோடு என்பது உண்மையில் 88.) பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதற்குள் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அங்கே எக்கோ மோடைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெயர் கண்ணில் படாவிட்டால் லிமிட்ஸை மேனுவல் ஆக்கி, பிபிடி (மொத்த மின் வரம்பு) கட்டத்தில் எண்ணை அடிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பல மதர்போர்டுகளில் அந்தக் கட்டம் மில்லிவாட்டில் இருக்கும். 142000 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 142 என்று அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டதே என்று முழிப்பவர்கள் உண்டு.

வேகம் எவ்வளவு போகும்? எல்லா கோர்களும் (சிப்புக்குள் தனித்தனியாக உழைக்கும் பகுதிகள்) ஓடும் ரெண்டரில் பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள். ஒன்றிரண்டு கோர் மட்டும் உழைக்கும் வேலையில், டைம்லைனை இழுத்துப் பார்ப்பது போன்றவற்றில், வித்தியாசமே தெரியாது. மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுவதுதான் காரணம். கடைசி 300 மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் வோல்டேஜ் எகிறுகிறது. 88 வாட்டுக்கு இறக்கினால் ரெண்டர் வேகம் ஐந்தில் ஒரு பங்கு போகும்; தொழிலுக்கு அது கட்டுபடியாகாது.

வாட்டைக் குறைத்த பிறகுதான் ஃபேனில் கை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 1000-க்கு இறக்கினால் காற்று மூன்றில் ஒரு பங்கு குறையும், சத்தமோ ஏறத்தாழ 9 டெசிபல் குறையும். காதுக்கு அது கிட்டத்தட்டப் பாதி. காற்று குறைவதால் முன்சொன்ன 77, 80-ஐத் தாண்டலாம். தாண்டட்டும்.

கே: இன்டெல் கோர் ஐ7 13700கே, 240 மி.மீ. லிக்விட் கூலர். சினிபெஞ்ச் (பிராசஸரை முழுசாக உழைக்கவிடும் சோதனை) தொடங்கிய இரண்டே விநாடியில் 100 டிகிரி. அப்போது 152 வாட்தான் காட்டுகிறது. ‘இந்த மாடலே அப்படித்தான் சார்’ என்கிறார் கடைக்காரர்.
வாசகர், சென்னை

ப: மாடல் அப்படியில்லை. 250 வாட்டில் 100 டிகிரி என்றால் ஒப்புக்கொள்ளலாம். 152 வாட்டில் 100 என்றால் வெப்பம் கூலருக்குள் போய்ச் சேரவே இல்லை.

கம்ப்யூட்டர் லோடில் இருக்கும்போது இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று நன்றாகச் சுட்டு, மற்றது சில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. பம்ப்பை ஃபேன் பின்னில் மாட்டி, அது மெதுவாகச் சுற்றும்படி விட்டிருப்பார்கள். அந்தப் பின்னை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். குழாய்கள் சரியென்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே மாட்டுவது இன்னும் நடக்கிறது. அடுத்த சந்தேகம், கூலரை போர்டோடு பிடித்து வைக்கும் பிராக்கெட். உங்கள் பிராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் துளை இடைவெளி 78 மி.மீ., முந்தைய எல்ஜிஏ 1200-க்கு 75. உயரமும் இதில் குறைவு. பழைய பிராக்கெட்டை இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தால் கூலர் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர அழுத்தாது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பழைய பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள்: நடுவில் கெட்டியாக இருந்தால் அழுத்தம் போதவில்லை.

இதைச் சரிசெய்ததும் எதிர்ப் பிரச்சினை தலைகாட்டலாம். பல போர்டுகள் மின் வரம்பை 4096 வாட் என்று வைத்திருக்கும், அதாவது வரம்பே இல்லை. இன்டெல் சொல்லும் உச்சம் 253. பயாஸில் பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, குறுகிய நேர மின் வரம்புகள்) இரண்டையும் 180-ல் வைத்துத் தொடங்குங்கள், 240 மி.மீ. கூலருக்கு அது தோதான அளவு. பயாஸையும் புதுப்பித்துவிடுங்கள். 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுப் பழுதானதற்கு 2024-ல் இன்டெல் திருத்தங்கள் வெளியிட்டது. 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு (பயாஸோடு வரும் சிப்பின் உள் நிரல்) இருக்க வேண்டும். ஏற்கெனவே கெட்ட சிப்பை இது குணப்படுத்தாது. அதற்கு, கூட்டித் தந்த இரண்டு வருட வாரண்டியைக் கேளுங்கள்.

கே: ரைசன் 5 7600, கூடவே வந்த கூலர். பிரவுசர் திறந்தாலே ஃபேன் ‘விர்’ என்று ஏறி இறங்குகிறது. லோடில்கூட இவ்வளவு எரிச்சல் இல்லை.
வாசகர், திருச்சி

ப: சின்னஞ்சிறு சிப்பில் ஒரு கோர் திடீரென்று முழு வேகத்துக்குத் தாவினால், 45-லிருந்து 65-க்கு நொடியில் போய்விடும். அந்த நேரத்தில் ஹீட்சிங்க் (கூலரின் உலோகப் பகுதி) இன்னும் குளிர்ந்தே இருக்கும், ஃபேன் வேகமாகச் சுற்றி ஆவது ஒன்றுமில்லை. பயாஸின் ஃபேன் பகுதியில் ஸ்டெப் அப் டைம் (வேகம் ஏற எடுக்கும் நேரம்) இருந்தால் 4, 5 விநாடி கொடுங்கள். 65 டிகிரிவரை ஃபேன் 40 சதவீதத்திலேயே நிற்கட்டும். 75-ல் 55, 85-ல் 75, 92-ல் முழு வேகம். ஏதாவது ஒரு சுற்றில் கேபினெட் தகடு ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால், அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி ஃபேன் வரைபடத்தின் கோட்டை அங்கே செங்குத்தாக்குங்கள்.

கே: ரைசன் 7 7700எக்ஸில் கர்வ் ஆப்டிமைசர் (கோரின் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 30. ஒரு மணி நேரம் சினிபெஞ்ச் தாங்கியது. ஆனால் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது.
வாசகர், யாழ்ப்பாணம்

ப: முழு லோடில் எல்லா கோரும் சற்றுக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். சும்மா இருக்கையில் ஏதோ ஒரு கோர் ஒரு கணம் உச்ச வேகத்துக்குத் தாவும்; வோல்டேஜ் பற்றாமல் விழுவது அங்கேதான். சினிபெஞ்ச் இதைக் காட்டிக்கொடுக்காது, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் காட்டும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் (வன்பொருள் பிழை) பதிவைத் திறந்து ஏபிஐசி ஐடி என்ற எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் விழுந்த கோர்: 6 அல்லது 7 என்றால் கோர் 3. அதை மட்டும் மைனஸ் 15-க்குக் கொண்டுவந்து மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் மாட்டுவது, ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்ட நல்ல கோர்கள்தான். அவை ஏற்கெனவே கட்டுசெட்டான வோல்டேஜில் ஓடுகின்றன.

கே: கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைக்கலாமா?
வாசகர், மதுரை

ப: அரை மணி நேரச் சோதனைக்கு, தாராளமாக. ஃபேன் வைக்காமல் தகட்டை மட்டும் திறந்ததற்கே 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் கூலர்மேல் பழி போடாதீர்கள். முன்பக்கக் கண்ணாடி காற்றை மறிக்கிறது, அல்லது வலையில் தூசி அடைத்திருக்கிறது. தகட்டைத் திறந்தே வைத்துக்கொண்டால் சத்தமும் தூசியும் நேராக வரும். தூசியைப் புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஊய்’ என்று சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும்.