ஆறிப்போன தார்க் கலவையா, வார்ம் மிக்ஸா?

கேள்வி: எங்கள் தெருவில் தார் ரோடு போடுகிறார்கள். டிப்பரில் வந்த கலவையில் ஆவியே இல்லை. கேட்டால், "இது வார்ம் மிக்ஸ், குறைந்த சூட்டிலேயே போடலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். குடியிருப்போர் சங்கச் செயலாளராக நான் எந்தச் சோதனையைக் கேட்பது?

பதில்: வார்ம் மிக்ஸ் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் அதற்கென எஸ்பி 101 என்று தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. விஜி-30 என்ற ரகத் தாரில் சாதாரணக் கலவையை (ஹாட் மிக்ஸ்) 150 முதல் 165 டிகிரியில் கலந்து, 140-க்குக் குறையாமல் விரிக்க வேண்டும். வார்ம் மிக்ஸில் தாரோடு ஒரு சேர்மானம் கலப்பதால் இதைவிடச் சுமார் 30 டிகிரி குறையலாம். எரிபொருளும் புகையும் மிச்சம்.

ஆனால் டிராஃபிக்கில் நின்று ஆறிப்போன ஹாட் மிக்ஸைத் திருப்பி அனுப்பினால் ஒரு லோடு நஷ்டம். அதைத் தள்ளிவிட இப்போது ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. அதனால் முதலில் ஜேஇயிடம் (இளநிலைப் பொறியாளர்) ஜாப் மிக்ஸ் ஃபார்முலாவை, அதாவது இந்த வேலைக்கான கலவைக் குறிப்பைக் கேளுங்கள். எந்தச் சேர்மானம், எவ்வளவு, எத்தனை டிகிரியில் கலப்பது, எத்தனை டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் ஓட்டுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்து, சேர்மானம் வாங்கிய பில்.

பில் இல்லை என்றதும் சண்டைக்குப் போய்விடாதீர்கள். நுரை முறை என்று ஒன்று இருக்கிறது. சூடான தாரில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சினால் தார் நுரைத்து, குறைந்த சூட்டிலேயே ஜல்லியைப் பூசிக்கொள்ளும். சேர்மானம் தண்ணீர்தான் என்றால் பில் எங்கிருந்து வரும்? அதற்காக "நுரை சார்" என்று வாயால் சொன்னால் போதாது. நுரைக்கும் கருவி பிளான்ட்டில் இருப்பதை ஜேஇ நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். ஃபார்முலா தாளிலும் நுரை முறை என்றே இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய முக்கியச் சோதனை டிஎஸ்ஆர் (TSR), அதாவது ஊறிய கலவைக்கு எவ்வளவு பலம் மிஞ்சுகிறது என்று பார்ப்பது. சூடு குறைந்தால் ஜல்லியின் ஈரம் முழுக்கக் காயாமல் போகலாம். மழையில் தார் உரியும். கலவையில் வில்லைகள் செய்து, பாதியை 60 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, எல்லாவற்றையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பிளந்து பார்ப்பார்கள். ஊறியதற்கு ஊறாததன் பலத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும்.

"ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஆளை வாசலோடு அனுப்புங்கள். சாம்பிள் லேபுக்கே போகாமல் ரிப்போர்ட் மட்டும் வந்து சேரும். டிப்பரிலிருந்து உங்கள் கண்முன் எடுத்து, சீல் வைத்து, நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். சூடு பார்க்கும் துப்பாக்கிக் கருவி மேல்தோலைத்தான் காட்டும். கம்பி தெர்மாமீட்டரைக் கலவைக்குள் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கலவை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, போட்ட ரோட்டைத் துளைத்துக் கோர் என்ற உருளைத் துண்டு எடுப்பார்கள், ரோலர் நன்றாக ஓடிய நடுரோட்டில் மட்டும் எடுப்பார்கள். அப்புறம் எல்லாத் தெருவுக்கும் ஒரே எண் வருவதில் என்ன ஆச்சரியம்? ஓரத்திலும் ஒன்று கேளுங்கள்.

மறுத்தால், லோடு சீட்டு எண்களைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளருக்கு உடனே கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆர்டிஐ மனு பிறகு போடலாம்; அதற்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் கான்ட்ராக்டரின் பில் பாஸாகிவிடும்.