கேள்வி – பதில்: நூறு வரி ஓடுகிறது, லட்சம் வரி நிற்கிறது

கேள்வி: பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். சொற்பட்டியல் ஒன்றை வேறொரு வடிகட்டி நிரலுக்கு பைப் வழியாக அனுப்பி, அது தருவதைத் திரும்ப வாங்குகிறேன். நூறு வரி என்றால் நொடியில் முடிகிறது. லட்சம் வரி கொடுத்தால் அப்படியே நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை. முழுவதையும் எழுதி, பைப்பை மூடிவிட்டுத்தான் படிக்கிறேன். என்ன தவறு?

பதில்: மூடுகிற வரிக்கு உங்கள் ஸ்கிரிப்ட் போய்ச் சேரவே இல்லை!

பைப் என்பது ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் குழாய்; லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட்தான் கொள்ளும். தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும்: யூடிஎஃப்-8இல் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். நீங்கள் எழுத எழுத, சைல்ட் பிராசஸ் (உங்கள் ஸ்கிரிப்ட் ஓடவிட்ட வடிகட்டி நிரல்) படித்து, விடையைத் தன் பக்கத்துப் பைப்பில் போடுகிறது. அதை நீங்கள் இன்னும் எடுக்க ஆரம்பிக்கவில்லை. அது நிரம்பியதும் சைல்ட் நின்றுவிடும், படிப்பதையும் நிறுத்திவிடும். அப்புறம் உங்கள் பக்கத்துப் பைப்பும் நிரம்பும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். முதலில் வரிகளை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கட்டளையை வைத்துச் சோதித்தேன், எவ்வளவு கொடுத்தாலும் ஓடியது. உள்ளே வருவதை எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் சார்ட் வாயைத் திறக்கும், அதனால் அடைப்பே வராது. என் ஸ்கிரிப்ட் சரி என்று நம்பிவிட்டேன். உண்மையான வடிகட்டியை மாட்டியதும் நின்றது. கடைசியில், ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ கருவியைப் போட்டுப் பார்த்தால், இரண்டு பிராசஸும் ‘ரைட்’ (எழுது) அழைப்பில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தன.

நீங்களே எழுதி நீங்களே படிப்பதை விட்டுவிட்டு, பைத்தானின் சப்பிராசஸ் தொகுப்பில் உள்ள ‘கம்யூனிகேட்’ மெத்தடிடம் தரவைக் கொடுங்கள். எழுதுவதையும் படிப்பதையும் அது சேர்த்தே பார்த்துக்கொள்ளும், மூடவும் செய்யும். ஆனால் விடை முழுவதும் நினைவகத்தில் சேரும். அது தாங்காது என்றால் சைல்டின் வெளியீட்டை நேரே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். எழுதும்போதே படிக்கத் தனி திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) வைத்தும் செய்யலாம், எனக்குக் கோப்புதான் பிடிக்கும்.

பிழை வெளியீட்டுக்கும் பைப் கொடுத்துவிட்டுப் படிக்காமல் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சைல்ட் எச்சரிக்கைகளாகக் கொட்டினால் அந்த வழியாகவும் இதே அடைப்பு வரும்.