போனை முதலில் அன்லாக் செய்யுங்கள், நம்பரை அப்புறம் மாற்றுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். வேறு நெட்வொர்க்குக்கு மாறலாம் என்றிருக்கிறோம். போன் இப்போதைய கம்பெனியிடம் தவணையில் வாங்கியது, இன்னும் பாக்கி இருக்கிறது. மாறிய பிறகு அன்லாக் செய்துகொள்ளலாமா, முன்னாலேயே செய்ய வேண்டுமா?

முன்னாலேயே செய்துவிடுங்கள். அன்லாக் என்று இங்கே சொல்வது ஸ்கிரீன் பூட்டை அல்ல, வேறு கம்பெனி சிம்மை ஏற்காதபடி போனை விற்ற கம்பெனி போட்ட பூட்டை எடுப்பதை. இதில் வரிசை மாறினால் எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவள் நான். ஆறு நாள், கையில் போன் இருந்தும் இல்லாத நிலைமை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2022 கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு வீடு மாறினோம். புது அபார்ட்மென்டில் எங்கள் போனுக்குச் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல். யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய் அடுப்புப் பக்கத்தில் நின்றுதான் பேச வேண்டும். எதிர்வீட்டில் இருந்தவர்கள் வேறு கம்பெனி, அவர்களுக்கு வீடு முழுக்கக் கிடைத்தது. சரி, மாறிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை அந்தக் கம்பெனியின் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "பாக்கித் தவணையை நாங்கள் ஈடுகட்டிவிடுவோம், உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார். அரை மணி நேரத்தில் எங்கள் இரண்டு நம்பரும் மாறிவிட்டன. என் கணவரின் போன் முழு விலை கொடுத்துத் தனியாக வாங்கியது, உடனே வேலை செய்தது. என் ஐபோனில் புது சிம்மைப் போட்டதும் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டோம். அதே செய்திதான்.

அதற்குள் என் நம்பர் புதுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய சிம் செத்துவிட்டது. புது சிம்மை என் போன் ஏற்கவில்லை. வங்கி ஓடிபி வருமிடம் இல்லை. மகளுடைய பள்ளியில் கொடுத்திருந்தது என் நம்பர்தான். திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைக்காமல், கடைசியில் என் கணவரின் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது குழந்தை நர்ஸ் அறைக் கட்டிலில் ஷூகூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஐஎம்எஸ்ஐ என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதன் முதல் ஐந்தாறு இலக்கங்கள் எந்த நாடு, எந்த நெட்வொர்க் என்று சொல்லும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405 என்று ஆரம்பிக்கும். அமெரிக்க சிம்கள் பெரும்பாலும் 310, 311. பூட்டிய போன் இந்த எண்ணைத்தான் பார்க்கிறது. தன்னை விற்ற கம்பெனியின் எண்ணாக இல்லாவிட்டால் சிம்மை ஏற்காது. ஐபோனில் எந்த சிம்மை ஏற்கலாம் என்ற கட்டளையே ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனை விற்ற கம்பெனி ஆப்பிளுக்குச் சொன்னால்தான் அது மாறும். புதுக் கம்பெனியின் கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் வேறுபடும். சிலவற்றில் செட்டிங்ஸிலேயே அன்லாக் செய்ய இடம் இருக்கும், சிலவற்றுக்கு ஒரு அன்லாக் எண் தருவார்கள். அந்த எண்ணைத் தப்புத் தப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். சில முறைக்கு மேல் தவறினால் அப்புறம் சரியான எண்ணைக் கொடுத்தாலும் ஏற்காது.

பழைய கம்பெனி எப்போது அன்லாக் செய்து கொடுக்கும்? போனுக்கான காசு முழுவதும் கட்டி முடித்திருக்க வேண்டும், போன் அவர்கள் நெட்வொர்க்கில் இத்தனை நாள் ஓடியிருக்க வேண்டும், திருட்டுப் போன் என்று புகார் இருக்கக் கூடாது. பெரும்பாலும் இவ்வளவுதான். நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். தவணைத் திட்டங்களில் 40 நாள், 60 நாள் என்று பார்த்திருக்கிறேன். ப்ரீபெய்டில் ஆறு மாதம், ஒரு வருடம் வரைகூடப் போகும். உங்கள் கம்பெனியின் விதியை அவர்கள் தளத்திலேயே இன்றைய தேதிக்கு ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

தவணை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'இலவச போன்' என்று கொடுப்பது உண்மையில் நீண்ட தவணை, என்னுடையது 36 மாதம். என் போன் 800 டாலர். மாதம் 22 டாலர் சொச்சம் பில்லில் ஏறும், அதே தொகையைச் சலுகையாக அடுத்த வரியில் கழித்துவிடுவார்கள். கையிலிருந்து ஒன்றும் போகாததால் கடன் இருப்பதே நினைவுக்கு வராது. நடுவில் வெளியேறினால் அந்தக் கழிவு நின்றுவிடும், மீதி அத்தனையும் ஒரே பில்லில் வந்து நிற்கும். எனக்கு 22 தவணை முடிந்து 14 பாக்கி, மொத்தம் 311 டாலர். புதுக் கம்பெனி ஈடுகட்டுவதாகச் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதலில் நான் கட்ட வேண்டும், கடைசி பில்லை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் பல வாரம் கழித்து ப்ரீபெய்டு கார்டாக வரும். கவுன்டரில் அதை யாரும் இந்த வரிசையில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே 311 டாலரையும் கட்டிவிட்டேன். அன்லாக் கேட்கும் பக்கத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்ஈஐயைக் கொடுத்தால், 'இந்தப் போன் தகுதி பெறவில்லை' என்று பதில். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, கட்டிய பணம் கணக்கில் ஏற இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், உங்கள் கணக்கே மூடியாகிவிட்டது, உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது முறை பேசிய பெண்மணிதான் நிதானமாக எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இது இரண்டாவது ஐஎம்ஈஐ, முதல் எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு சிம் வசதி உள்ள போனுக்கு இரண்டு ஐஎம்ஈஐ இருக்கும். *#06# அழுத்தினால் இரண்டும் வரும். நான் ஃபிரிட்ஜ் கதவில் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்திருந்தது கீழே இருந்த எண். அவர்கள் பதிவில் இருந்தது மேலே இருந்த எண். பதினைந்து இலக்கத்தில் கடைசிச் சில மட்டும்தான் வேறு, கண்ணுக்கே தெரியவில்லை. அந்த அம்மா மட்டும் அன்று கவனிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ. வியாழக்கிழமை இரவு 'அன்லாக் ஆகிவிட்டது' என்று மெயில் வந்தது. வைஃபையில் இணைத்து, போனை ஒருமுறை அணைத்துப் போட்டதும் புது சிம்மின் பெயர் மேலே வந்தது.

கணக்கு மூடிவிட்டது என்று அவர்கள் கைவிரித்தபோது எனக்குத் தெரியாமல் போன ஒன்றை நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாக்கியில்லாத பழைய வாடிக்கையாளருக்கும் அன்லாக் செய்து கொடுப்போம், கோரிக்கைக்கு இரண்டு வேலை நாளுக்குள் பதில் சொல்வோம் என்று இங்குள்ள பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்ட பொது நெறிகள் இருக்கின்றன. 2015 பிப்ரவரி முதல் முழுவதும் நடைமுறையில் உள்ளவை. இதைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி நகரும்.

அது தானாக வந்த உரிமையும் அல்ல. டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கும் 1998ஆம் வருடச் சட்டம் ஒன்று இங்கே உண்டு. போன் அன்லாக்குக்கு அதிலிருந்து 2006இல் விலக்கு கொடுத்தார்கள். 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கும் போன்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்று ஆனது. அதாவது முழுக் காசு கட்டிச் சொந்தமாக்கிய போனைக்கூடக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் அன்லாக் செய்தால் சட்டப்படி தவறு. சினா கனிஃபர் என்பவர் வெள்ளை மாளிகைத் தளத்தில் மனு ஆரம்பித்தார், 1,14,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. நாமெல்லாம் இன்று ஒரு படிவம் நிரப்பி முடிக்கும் வேலைக்குப் பின்னால் அத்தனை பேர் இருக்கிறார்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் போனைப் பூட்டி விற்கவே கூடாது, பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் அப்படித்தான். இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. காசு கட்டவில்லை என்றால் வசூலிக்க வேறு வழிகள் இருக்கின்றன, அதற்கு ஒருவருடைய போனைப் பூட்டிவைக்கத் தேவையில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கடைசி பில்லை எடுத்து, போனுக்கு எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். அதைக் கட்டுங்கள். கட்டியது கணக்கில் ஏறியதும், லைன் உயிரோடு இருக்கும்போதே அன்லாக் கேளுங்கள். மெயில் வந்தால் மட்டும் நம்பாதீர்கள், போனிலேயே பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். சிம் தட்டு உள்ள எந்தப் போனாக இருந்தாலும் வேறு கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவரின் சிம்மை வாங்கி ஐந்து நிமிடம் போட்டு ஒரு கால் பேசிப் பார்ப்பதுதான் எனக்குத் திருப்தியான சோதனை.

அதோடு, அன்லாக் ஆன போன் எல்லா நெட்வொர்க்கிலும் ஓடும் என்று அர்த்தமில்லை. ஆறு நாளும் சமாளிக்கலாம் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் புது சிம்மைப் போட்டேன். அது எந்தப் பூட்டும் இல்லாத போன். இன்டர்நெட் வந்தது, கால் மட்டும் போகவில்லை. 2022இல் இங்கே பழைய 3ஜி நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி வசதியை அந்தக் கம்பெனி அந்த மாடலுக்குத் தரவில்லை. அதனால் மாறுவதற்கு முன் புதுக் கம்பெனியின் தளத்தில் உங்கள் ஐஎம்ஈஐயைக் கொடுத்துப் போன் பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் போனைப் பிறகு ஊருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தாலும் இப்போதே அன்லாக் செய்வது நல்லது. பூட்டோடு போய்ச் சேர்ந்த போன்களுக்குச் சென்னை பர்மா பஜார் பக்கம் ஆர்-சிம் என்று ஒரு மெல்லிய சில்லு கொடுப்பார்கள், சிம்மோடு சேர்த்துச் செருகுவது. போனை ஏமாற்றி உள்ளே வேறு சிம் இருப்பதாக நம்பவைக்கும். ஒரு அப்டேட் வந்தால் போச்சு. அம்மாவுக்கு அப்படி ஒரு போன் கொடுத்துவிட்டு, அது நின்றுபோகும்போது இங்கிருந்து நாம் என்ன செய்ய முடியும்? ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதித்திருக்கும் இசிம் மட்டும்தான். அதில் இந்தச் சில்லுக்கு இடமும் இல்லை.

நம்பரை மாற்றும் நாளுக்கு இரண்டு குறிப்பு. பழைய கம்பெனியிடம் கணக்கு எண்ணும் நம்பரை மாற்றக் கேட்கும் ரகசிய எண்ணான டிரான்ஸ்ஃபர் பின்னும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின் சில நாள்தான் செல்லும், அதனால் அன்லாக் உறுதியான பிறகு வாங்குங்கள். அப்புறம், பழைய லைனை நீங்களாகப் போன் செய்து ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்தால் நம்பர் கைவிட்டுப் போகலாம். புதுக் கம்பெனி நம்பரை இழுத்துக்கொண்டதும் பழைய லைன் தானாக மூடிவிடும்.

எத்தனை தவணை பாக்கி, எந்த மாடல் என்று எழுதுங்கள். பில்லில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.